தாலிக்கொடியும் கைத்துப்பாக்கியும் ஒரே பெட்டகத்தில்

பூட்டு, பெட்டகக் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எந்தப் பெட்டகத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் தகடு, எந்தத் தரைக்கு எந்த போல்ட் என்பதெல்லாம் கடைப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிதரைப் பற்றி. டண்டினொங் என்கிற புறநகரில் ஒரு கடையில் பத்தொன்பது வருடம் அந்த மனிதரோடு மாரடித்து, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வந்தவள் நான்.

முதலில் ஒன்று. நீங்கள் பெண்ணாக இருந்தால், வருகிறவர் உங்கள் தலைக்கு மேலால் பின்னறையை எட்டிப் பார்ப்பார். கிளேட்டனிலிருந்து வந்த ஒரு தமிழ்நாட்டுப் பொறியியலாளர் என்னிடம், "மேடம், கொஞ்சம் டெக்னிக்கலா பேசணும். வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பின்னறையைக் காட்டினேன். அங்கே பெட்டகம் பொருத்தப் போகிற எங்கள் ஆள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவன் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, வாயைத் துடைத்து, திரும்ப என்னையே காட்டினான். பொறியியலாளர் என்னிடம் வந்து முதலிலிருந்து தொடங்கினார். இதற்கெல்லாம் கோபப்பட்டால் வேலை நடக்காது. ஆனால் நான் ஒவ்வொரு முறையும் கோபப்பட்டேன்.

2009 அளவிலிருந்து நான் ஓய்வு பெற்ற 2013 வரை எனக்கு வந்த பெரிய தலைவலி 'உடனே திறக்கிற பெட்டகம்'. கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்ரநெற்றில் அமெரிக்காக்காரர் எழுதியதை இரவு பகலாகப் படித்துவிட்டு வருவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாமாம், விரலை வைத்தால் திறக்குமாம், இரண்டு செக்கன், இரண்டே விநாடி, போதுமாம். இந்த நாட்டில் கதையே வேறு என்பது மண்டையில் ஏறாது. இங்கே கள்ளனைச் சுடுவதற்கென்று ஒருவருக்கும் கைத்துப்பாக்கி உரிமம் கிடைக்காது. கிளப்பில் சேர்ந்து குறி பார்த்துச் சுடுகிறவருக்கு உரிமம் உண்டு. அவரும் அதைக் கனமான இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியைத் தரையோடு போல்ட் அடித்து, ரவையை, அதாவது தோட்டாக்களை, வேறாகப் பூட்டி வைக்க வேண்டும். உரிமம் உள்ளவரைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடிய நிலையில் அது இருக்கக் கூடாது. பொலிஸ் வந்து பார்க்கும். இவ்வளவுதான் விஷயம். இதை விளங்கப்படுத்தியே என் தொண்டை வறண்டது.

ரவி வந்தது 2011இல். நல்ல பெடியன், நாற்பதை நெருங்கியவன், பெரிய கொம்பனி ஒன்றில் பொறியியலாளர். அவனுடைய மனைவி சுமதி ஆஸ்பத்திரியில் தாதி. கோயிலில் கண்டால் கதைப்பேன். ஆறு வயதில் மீரா என்று ஒரு மகள். வேலைத்தலத்து நண்பன் ஒருவன் கூட்டிக்கொண்டு போய் பிஸ்டல் கிளப்பில் சேர்த்துவிட்டிருக்கிறான். ஷெல்லுக்கும் துவக்குச் சூட்டுக்கும் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இவனுக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்குக்கு அதுதான் கிடைத்ததா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, "வாங்கோ தம்பி" என்றேன்.

"அன்ரி, ரெண்டு செக்கனில திறக்கிற மாதிரி ஒண்டு வேணும். விரலை வைச்ச உடன திறக்கிறது."

"என்னத்துக்குத் தம்பி ரெண்டு செக்கன்?"

"துவக்கு வைக்க."

"அது விளங்குது. அவசரம் என்னத்துக்கு?"

"ஒரு அவசரம் எண்டால்..."

"நீங்கள் கிளப்பில சுடுறது பேப்பரை. நீங்கள் அரை மணித்தியாலம் மினக்கெட்டுத் திறந்துபோட்டுப் போனாலும் அந்தப் பேப்பர் அங்கதான் நிக்கும்."

"கள்ளர் வந்தால் அன்ரி?"

"கள்ளருக்கு எண்டு லைசன்ஸ் ஃபோமில எழுதினீங்களோ?"

"இல்லை."

"எழுதியிருந்தால் லைசன்ஸ் வந்திராது. கள்ளர் வந்தால் பொலிசுக்கு அடியுங்கோ."

அவன் விடுகிறபாடாக இல்லை. கைத்தொலைபேசியை எடுத்து வீடியோ காட்டினான். எனக்கு விசர் வந்தது. யாரோ திருப்பித் தந்துவிட்டுப் போன மலிவான விரல்ரேகைப் பெட்டி ஒன்று அலுமாரிக்கு மேலே கிடந்தது. அதை இறக்கி அவனுடைய பெருவிரலைப் பதியச் செய்தேன். அவன் வைத்தான், திறந்தது. முகமெல்லாம் சிரிப்பு. பிறகு நான் என் பெருவிரலை வைத்தேன். திறக்கவில்லை. மீண்டும் வைத்தேன். மூன்றாவது தடவை திறந்துவிட்டது. அதன் பிறகு அவன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

எங்கள் கடை முதலாளி ஒரு கிரேக்கர். நான் சேர்ந்த முதல் வாரமே அவர் சொன்னது: பெட்டியைக் காட்ட முதல் வீட்டைப் பற்றிக் கேள். யார் இருக்கிறார்கள், யார் வந்துபோகிறார்கள், எந்த அறை, அந்த அறைக்குள் யார் எதற்காகப் போவார்கள். எல்லாம் கேட்டு முடிந்தபிறகுதான் விலை. நானும் ரவியிடம் கேட்டேன். கொங்கிறீற் தரையா, படுக்கையறையின் அலுமாரிக்குள் இடம் இருக்கிறதா, பிள்ளைக்கு எத்தனை வயது, ரவை எங்கே வைப்பீர்கள். எண் அழுத்தித் திறக்கிற கனமான பெட்டகம் ஒன்றைத் தலையில் கட்டினேன். "இந்த நம்பர் உங்களுக்கு மட்டும்தான். மனிசிக்கும் சொல்லக் கூடாது," என்று இரண்டு தரம் சொன்னேன். எங்கள் ஆள் போய் நாலு போல்ட் அடித்துவிட்டு வந்தான். அன்று வீட்டுக்குப் போகும்போது ஏதோ பெரிய சாதனை செய்தவள் போல எனக்கொரு திருப்தி.

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தது. அதை அந்தக் கிரேக்கர் கேட்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் எப்படி விட்டேன்? இரண்டு செக்கனோடு சண்டை பிடித்து வென்ற சந்தோஷத்தில் விட்டேன், வேறென்ன. வாடிக்கையாளர் ஒரு விசர்க் கதையோடு வந்தால், அந்தக் கதையை முறியடிப்பதிலேயே உங்கள் புத்தி முழுக்கப் போய்விடும். கவனமாக இருங்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பதரை இருக்கும். கடைத் தொலைபேசி அடித்தது.

"அன்ரி, நான் சுமதி, ரவியின்ர மனிசி. எங்கட சேஃபை ஒருக்காத் திறந்து தர வேணும். ஆரையாவது உடன அனுப்புங்கோ."

"ரவி எங்க?"

"சிட்னியில வேலை. விடிய ஆறு மணிப் பிளைட்டில வாறன் எண்டவர், அது பிந்திப் போச்சு. இப்ப வருவார், இப்ப வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டன். இப்பதான் ஏறிட்டன் எண்டு மெசேஜ் வந்தது. நான் அடிக்கிறதுக்குள்ள போனை நிப்பாட்டிட்டார்."

"அவர் வந்து திறக்கட்டும் பிள்ளை. உள்ள துவக்கெல்லோ கிடக்கு."

"துவக்கு ஆருக்கு வேணும் அன்ரி? தாலிக்கொடி உள்ள கிடக்கு!"

"உம்மட கொடியோ?"

"என்ரயும் கிடக்கு. என்ர தம்பி இண்டைக்குக் கட்டப்போற கொடியும் அதுக்குள்ளதான் கிடக்கு. பதினொரு மணிக்கு முகூர்த்தம்!"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீடுகளில் தங்கம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் தங்கமே அரிசி வாளிக்குள் மூன்று வருடம் இருந்தது. வீட்டுக்குள் இப்படியொரு பெட்டி, அதுவும் தரையோடு போல்ட் அடித்தது, வந்தால் எங்கள் சனம் அதற்குள் முதலில் எதை வைக்கும்? கொடி, காப்பு, அட்டியல், பிள்ளைக்குச் சேர்த்த சங்கிலி. ரவி வீட்டு நகை மட்டுமல்ல, மாப்பிள்ளை வீட்டாரின் நகையும் 'அவையளின்ர சேஃப் நல்ல பாதுகாப்பு' என்று அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. கைத்துப்பாக்கி அந்த நகைகளுக்கு நடுவில் ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

எங்கள் ஆள் வண்டிச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ரவி வீட்டுக்கு இருபது நிமிட ஓட்டம். முதலாளி விடுமுறையில் இருந்தார், நான்தான் சொல்ல வேண்டும். ஒருபக்கம் மண்டபத்தில் மாப்பிள்ளை, பொம்பிளை, ஐயர், இருநூறு முந்நூறு சனம். மறுபக்கம் உரிமம் இல்லாத ஒருவருக்குக் கைத்துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து கொடுப்பது. சொல்லச் சுலபம், சட்டம் சட்டம்தான் என்று. போனில் ஒரு பொம்பிளை விம்மி விம்மி அழும்போது அப்படிச் சுலபமாக இருக்கவில்லை. ஆனாலும் நான் ஆளை அனுப்பவில்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை.

"ஏலாது பிள்ளை. ரவி பக்கத்தில நிண்டால்தான் திறக்கலாம். மஞ்சள் கயித்தில தாலியைக் கோத்துக் கட்டச் சொல்லும். கொடியைப் பின்னேரம் போடலாம்."

"கயித்திலயோ? சனம் என்ன சொல்லும் அன்ரி? பொம்பிளை வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம்? உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ?"

அப்போது பின்னால் சின்னக் குரல் ஒன்று கேட்டது.

"அம்மா, டோன்ற் க்ரை. அது என்ர பேர்த்டே தானே."

"என்ன குஞ்சு?"

"சேஃப் நம்பர். என்ர பேர்த்டே."

நான் "சுமதி, பொறும்" என்று சொல்லி முடிக்கவில்லை. பொத்தான்கள் கீச்சிடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. பிறகு இரும்புக் கைப்பிடி திரும்புகிற சத்தம். வருடக்கணக்காகக் கேட்ட சத்தம், எனக்கு நன்றாகத் தெரியும்.

"முருகா! திறந்திட்டுது அன்ரி! மீரா திறந்திட்டாள்!"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சுமதி, நான் சொல்லுறதைக் கேளும். முதல்ல பிள்ளையை அறைக்கு வெளியில விட்டுக் கதவைச் சாத்தும். சாத்திட்டீரோ?"

"ஓம், ஓம்."

"உள்ள என்ன கிடக்கு?"

"நகைப்பெட்டி ரெண்டு. கொடி. அந்தக் கறுமம் ஒரு உறைக்குள்ள. ஒரு சின்னத் திறப்பு."

"நகைப்பெட்டியை மட்டும் எடும். வேற ஒண்டிலும் கை வைக்காதையும். கதவை மூடிக் கைப்பிடியைத் திருப்பும். இழுத்துப் பாரும்."

"பூட்டியாச்சு அன்ரி. தாங்ஸ் அன்ரி. மண்டபத்தில சந்திப்பம்."

தாங்ஸாம். எனக்கும் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு இருந்தது. ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். தாலி பொன்கொடியிலேயே ஏறி முடிந்திருந்தது. சாப்பாட்டு வரிசையில் நான் கோப்பையை எடுக்க முதலே கதை என்னிடம் வந்து சேர்ந்தது. "மீரா இல்லாட்டில் இண்டைக்குக் கலியாணமே இல்லை." "என்ன மூளை பாருங்கோ பிள்ளைக்கு." பட்டுப்பாவாடையோடு அந்தக் குழந்தை ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள், லட்டு ஊட்டுகிறவர்கள், தூக்கி வைத்துப் படம் எடுக்கிறவர்கள். ஆறு வயதுப் பிள்ளை துப்பாக்கிப் பெட்டியைத் திறந்திருக்கிறது என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கண்ணில் அது நகைப்பெட்டிதான்.

ரவி விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, கழுத்துப்பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனைக் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னேன்.

"என்ன அன்ரி, கோபமோ? நம்பரை மாத்திறன், விடுங்கோ."

"பிள்ளைக்கு எப்பிடி நம்பர் தெரியும்?"

"ஒவ்வொரு கலியாணவீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் திறக்கிறனாங்கள். சங்கிலி போடப் பக்கத்தில நிப்பாள். பாத்திருப்பாள். ஆனா ரவை வேற பெட்டியில, வேற பூட்டுப் போட்டுக் கிடக்கு. ஒண்டும் நடந்திராது."

"அந்தப் பெட்டியின்ர திறப்பு எங்க?"

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு நின்றது.

"சேஃபுக்குள்ள," என்றான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாறன். ஒண்டில் நகை பாங்குக்குப் போக வேணும், இல்லாட்டித் துவக்கு கிளப்புக்குப் போக வேணும். ரெண்டும் நடக்காட்டில் திங்கக்கிழமை நான் பொலிசுக்குச் சொல்லுவன்."

"எங்களைக் காட்டிக் குடுக்கப் போறியளோ அன்ரி?"

இதை வாசிக்கிற எல்லோருக்கும் அந்தச் சொல்லின் கனம் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊர் யுத்தத்திலிருந்து தப்பி வந்த சனத்திடம் அதைவிடக் கேவலமான பேச்சு இல்லை. அந்தப் பேரோடு கோயில் படி ஏற முடியாது. "ஓம்," என்றேன். அவன் திரும்பி உள்ளே போனான்.

அடுத்தநாள் போனேன். சுமதி கதவைத் திறந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். தேநீர் குடிக்கிறீங்களோ என்று கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ரவி என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். என்னையும் மீராவையும் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணை மாற்றினான்.

"முடிஞ்சுது அன்ரி. இனிக் கடவுள் வந்தாலும் திறக்க ஏலாது. நகையும் இருக்கட்டும், துவக்கும் இருக்கட்டும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மீராவின் பக்கம் குனிந்தேன். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை, வாயால் மட்டும் கேட்டேன்.

"குஞ்சு, அப்பா இப்ப என்ன நம்பர் போட்டிருப்பார்?"

அவள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தாள்.

"என்ர பேர்த்டே முடிஞ்சுது. இப்ப அம்மாண்ட பேர்த்டே போட்டிருப்பார்."

ரவியின் முகத்தைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது. அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு அவனாகவே தொலைபேசியை எடுத்துக் கிளப்புக்கு அடித்தான். அங்கே பாதுகாப்பாக வைக்கிற அறை உண்டு, அன்றே கொண்டு வரலாம் என்றார்கள். சொல்ல என்னிடம் நிறைய இருந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன்.

துவக்கை வைத்துப் பூட்டிய கைப்பெட்டி ஒன்றோடு அவன் காருக்கு நடந்தான். சுமதி குசினியிலிருந்து வெளியே வந்து வாசற்படியில் நின்றாள். மீரா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

"அப்பா, அதைத் திருப்பிக் கொண்டு வருவீங்களா?"

"இல்லையம்மா. இனி வராது."

"ஆனா மாயா இன்னும் பாக்கேல்லை. வெள்ளிக்கிழமை வரேக்க காட்டிறன் எண்டு சொன்னனான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அபி மட்டும்தான் பாத்தவள். அவள் தூக்கிப் பாத்தவள். சரியான பாரமாம்."

சுமதி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரவி கார்க் கதவைத் திறந்தபடி நின்றான். அபி யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தது பக்கத்து வீட்டை. அந்த வீட்டு முற்றத்தில் ஒரு சின்னச் சைக்கிள் சரிந்து கிடந்தது.

கிளப்பிலிருந்து திரும்பியதும், அன்று பின்னேரமே, ரவியும் சுமதியும் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்கள் வீட்டில் அவர்களுடைய பிள்ளையின் கையில் என்ன இருந்தது என்று சொன்னார்கள். அதன் பிறகு அபி அந்தப் பக்கம் விளையாட வரவில்லை என்று சுமதிதான் பல மாதம் கழித்துக் கோயிலில் வைத்து எனக்குச் சொன்னாள். தாங்கள் அந்த நிலையில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், நானும் அழுதேன்.

ஆகவே கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளே, வருகிறவர் எத்தனை செக்கனில் திறக்கும் என்று கேட்டால், கேட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் கேளுங்கள், வீட்டில் நகையை எங்கே வைப்பீர்கள் என்று. முகத்தைச் சுளிப்பார்கள். இந்த அன்ரிக்கு எங்கள் நகையில் என்ன கண் என்று பின்னால் பேசுவார்கள். பேசட்டும். நான் அன்று அதைக் கேட்டிருந்தால், ரவியும் சுமதியும் அந்தக் கதவைத் தட்டப் போயிருக்க மாட்டார்கள்.